லுவார் நதிக்கரையில் 900 கிலோமீட்டர்

பிரான்சு நாட்டின் மிக நீண்ட நதி லுவார். தென்கிழக்கே ஆர்தேஷ் மலைப்பகுதியில் ஊற்றெடுத்து, முதலில் வடக்கு நோக்கி ஓடி, ஓர்லியான் நகரத்தருகே மேற்கே வளைந்து, 1,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல் பயணம் செய்து அட்லாண்டிக் பெருங்கடலில் கலக்கிறது. இதன் கரையை ஒட்டி, நெவேர் நகரத்தை அடுத்த கூஃபி என்னும் சிற்றூரிலிருந்து கடலோரத்துச் சான் பிரெவான் வரை, ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மிதிவண்டிப் பாதை செல்கிறது. ஆண்டுதோறும் பல லட்சம் பேர் இதன் ஏதேனும் ஒரு பகுதியிலாவது மிதிவண்டி ஓட்டுகின்றனர். ஓய்வுபெற்ற தம்பதியர், குழந்தைகளைப் பின்வண்டியில் அமர்த்தி இழுத்துச் செல்லும் பெற்றோர், கூடாரத்தைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு புறப்பட்ட மாணவர் என எல்லா வயதினரையும் இங்கே காணலாம். பந்தய வீரர்களுக்குரிய பாதை அன்று இது. நெவேர் நகரமே கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில்தான் உள்ளது. அந்தச் சிறு இறக்கம் 900 கிலோமீட்டரில் பரவிக் கிடப்பதால், ஏற்றம் இறக்கம் என்று சொல்லத்தக்கவை மிகச் சிலவே.

நதி வளைந்தோடும் இரு மாநிலங்களும் 1990களின் நடுவில் இத்திட்டத்தைக் கையிலெடுத்தன. 2005இல் முதற்பகுதிகள் திறக்கப்பட்டன. பின்னர் எஞ்சிய துண்டுகள் ஒவ்வொன்றாக இணைக்கப்பட்டன. நிலத்தைக் கையகப்படுத்தி, மலையைக் குடைந்து, புதிதாகப் போட்ட சாலை என்று இதை எண்ணிவிடலாகாது. பாதையின் பெரும்பகுதி முன்பே இருந்தது. வெள்ளம் தடுக்க எழுப்பிய கரைகளின் உச்சி, படகை இழுத்துச் செல்வதற்காகக் கால்வாய்களின் ஓரம் அமைந்த தடம், வயல்களுக்குச் செல்லும் ஆள்நடமாட்டம் குறைந்த ஊர்ச்சாலை ஆகிய மூன்றையும் கோத்து, வழிகாட்டிப் பலகைகள் நட்டு, வேண்டிய இடங்களில் மட்டும் தளம் இட்டனர். பயனற்றுப்போன ஒரு சொத்தைப் பழுதுபார்த்து மீண்டும் வருவாய் தரச்செய்வதைப் போன்றது இது. வங்கி வாடிக்கையாளர்களுக்கு இந்த ஒப்புமை எளிதில் விளங்கும்.

அந்தச் சொத்து எப்படிப் பயனற்றுப் போயிற்று என்பதை அறிய, லுவார் நதியின் காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மேலைக் காற்று

மேற்கு நோக்கிப் பயணம் செய்யும் மிதிவண்டியாளர் இரண்டாம் நாளிலேயே ஒன்றை உணர்வார். நதி தம்மோடு வருகிறது. காற்று தம்மை எதிர்க்கிறது. கடலிலிருந்து உள்நாட்டை நோக்கி வீசும் மேலைக் காற்றே இப்பள்ளத்தாக்கில் மிகுதி. ஆகவே, அனுபவமுள்ளவர் சிலர் கடற்கரையில் தொடங்கி, நதியோட்டத்துக்கு எதிர்த்திசையில், முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு கிழக்கே செல்கின்றனர். பெரும்பாலோர் இன்னும் நதியோடு சென்று கடலைக் காண்பதையே விரும்புகின்றனர். முடிவில் கடல் காத்திருக்கிறது என்னும் எண்ணம், எதிர்க்காற்றின் களைப்பைப் பொறுத்துக்கொள்ளச் செய்கிறது போலும்.

இந்தக் காற்றுதான் ஒரு காலத்தில் லுவாரைப் பிரான்சின் பெருவழியாக வைத்திருந்தது. உப்பு, மது, கற்பலகை, சர்க்கரை ஆகியவற்றை ஏற்றிய தட்டையடிப் படகுகள் நீரோட்டத்தின் துணையோடு கீழே இறங்கின. சதுரப் பாய் விரித்து அதே மேலைக் காற்றின் துணையோடு மேலே ஏறின. போகவும் வரவும் இயற்கையே கூலியின்றி இழுத்துத் தந்த நதிகள் உலகில் மிகுதியாக இல்லை. 1642இல் திறக்கப்பட்ட பிரியார் கால்வாய் லுவாரைச் சேன் நதியோடு இணைத்தது. அதன்பின் நாந்த் துறைமுகத்துச் சரக்கு பாரிஸ் வரை நீர்வழியே செல்ல முடிந்தது. இன்றைய பயணி கடந்து செல்லும் ஒவ்வொரு சிற்றூரிலும், கற்கள் பாவி நீருக்குள் சரிந்து இறங்கும் படகுத்துறை ஒன்று இருக்கும். ஊரின் இன்றைய மக்கள்தொகைக்குச் சற்றும் பொருந்தாத அகலத்தில் அது விரிந்து கிடக்கும்.

1846இல் தொடர்வண்டி தூர் நகரத்தை எட்டியது. 1851இல் நாந்த்தை எட்டியது. சில பத்தாண்டுகளில் படகுப் போக்குவரத்து மடிந்தது. படகோட்டி, கயிறு திரிப்பவர், பாய் தைப்பவர், துறையருகே விடுதி நடத்தியவர் அனைவரின் பிழைப்பும் அதனோடு போயிற்று. பிரியாரில் 1896இல் கட்டி முடிக்கப்பட்ட, 662 மீட்டர் நீளமுள்ள நீர்ப்பாலம் ஒன்று உண்டு. நதியின் மேலே பாலம், பாலத்தின் மேலே கால்வாய், கால்வாயில் படகு. அதன் கல்தூண்களை அமைத்தது ஈஃபில் கோபுரத்தைக் கட்டிய குஸ்தாவ் ஈஃபிலின் நிறுவனம். நீர்வழிப் போக்குவரத்தின் அந்திக்காலத்தில் எழுந்த இந்த அற்புதத்தின் ஓரத்து நடைபாதையில், இன்று வாடகை மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு பயணிகள் கடக்கின்றனர்.

நின்று செல்வோர்

விரைவுச் சாலையில் செல்லும் மகிழுந்து, ஓர் எரிபொருள் நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே முப்பது ஊர்களைத் தாண்டிவிடும். மிதிவண்டியாளரால் அவ்வாறு முடியாது. பதினைந்து இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை அவருக்குத் தண்ணீர் வேண்டும், ரொட்டி வேண்டும், நிழல் வேண்டும். ஐம்பது அறுபது கிலோமீட்டருக்குப் பின் படுக்கை வேண்டும். அவர் நிற்கும் இடம் பெருநகரமாக அமைவது அரிது. பிரான்சில் ஏறத்தாழ 35,000 உள்ளாட்சி அமைப்புகள் உள்ளன. அவற்றுள் மிகப் பல சில நூறு பேர் மட்டும் வாழும் ஊர்கள். அத்தகைய ஊரில் ரொட்டிக்கடையும் காபிக்கடையும் திறந்திருக்குமா, மூடப்படுமா என்பது அங்குள்ள முதியோருக்கு அன்றாட வாழ்க்கைச் சிக்கல். கடை மூடினால், காரோட்ட இயலாதவர் ரொட்டிக்காகப் பிறர் தயவை நாட வேண்டும்.

இப்பாதையின் பொருளாதாரம் இந்த நிறுத்தங்களில்தான் இருக்கிறது. அரண்மனைகளுக்குச் சுற்றுலாப் பேருந்து முன்பும் வந்தது, இனியும் வரும். ஆனால் அந்தப் பேருந்து, ஊர்க்கோடியிலுள்ள ஒரு வீட்டின் வாசலில் ஒருபோதும் நின்றதில்லை. மிதிவண்டி நிற்கிறது. அந்த வீட்டில் பிள்ளைகள் நகரத்துக்குச் சென்றபின் காலியான இரண்டு அறைகளை உரிமையாளர் பயணிகளுக்கு விடுகிறார். காலைச் சிற்றுண்டியும் தருகிறார். பிரெஞ்சுச் சட்டம் இத்தகைய வீட்டு விருந்தகத்துக்கு ஐந்து அறைகள், பதினைந்து விருந்தினர் என்று வரம்பு விதித்துள்ளது. இது குடும்பத் தொழில் என்னும் அளவைத் தாண்டலாகாது என்பதே அதன் நோக்கம். இதனினும் செலவு குறைவாகத் தங்க விரும்புவோருக்கு, ஊராட்சியே நடத்தும் கூடாரத் திடல்கள் உள்ளன. பெரும்பாலும் அவை ஆற்றங்கரையிலேயே இருக்கும்.

மிதிவண்டியாளரை வரவேற்கும் விடுதிகளுக்கென 'அக்குய் வேலோ' என்னும் முத்திரையும் உண்டு. லுவார்ப் பாதையில் தோன்றிப் பின்னர் நாடு முழுவதும் பரவிய ஏற்பாடு இது. முத்திரை பெற விரும்பும் விடுதி, பாதையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும்; வண்டியைப் பூட்டி வைக்க இடம் தர வேண்டும்; பழுது நீக்கும் கருவிகள் வைத்திருக்க வேண்டும். அறைக்கட்டணத்தோடு சிறு தொகையாகத் தலைக்கு இவ்வளவு என்று தங்கல் வரியும் சேரும். அது உள்ளாட்சிக்குச் செல்கிறது; சுற்றுலா தொடர்பான செலவுக்கே அதைப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி.

இதனால் கிராமங்கள் எல்லாம் செழித்துவிட்டன என்று சொல்வது மிகை. நவம்பரில் பாதை வெறிச்சோடும். கூடாரத் திடல்கள் பூட்டப்படும். ஆறு மாத வருவாயைக் கொண்டு பன்னிரண்டு மாதம் நடத்த வேண்டிய கடைகளே இங்கு மிகுதி. பாதையிலிருந்து பத்துக் கிலோமீட்டர் உள்ளே தள்ளியுள்ள ஊருக்கு இந்த வருவாய் எட்டுவதுமில்லை. ஆயினும், வேறு எந்தச் சுற்றுலாத் திட்டமும் இவ்வளவு சிறிய தொகைகளை இவ்வளவு பல கைகளில் சேர்த்ததாகத் தோன்றவில்லை.

கரைகளின் கதை

பயணத்தில் மனத்தைவிட்டு அகலாதவை அரண்மனைகளைக் காட்டிலும் இந்தக் கரைகளே. ஒருபுறம் மணல்திட்டுகளுக்கிடையே பல கிளைகளாகப் பிரிந்தோடும் நதி. மறுபுறம், பாதையின் மட்டத்துக்குக் கீழே, ஓட்டுக்கூரைகளும் காய்கறித் தோட்டங்களும். மிதிவண்டியில் உட்கார்ந்தவாறே சில வீடுகளின் மாடிச் சன்னலை நேர்ப்பார்வையாகக் காணலாம். நதி உயர்ந்தால் அவ்வீடுகள் என்னவாகும் என்ற கேள்வி தானே எழுகிறது.

விடை பல ஊர்களின் சுவர்களில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1846, 1856, 1866 என்று மூன்று ஆண்டுகளும், ஒவ்வொன்றுக்கும் நேராக நீர் ஏறிய அளவைக் காட்டும் கோடும் இருக்கும். இருபது ஆண்டுகளில் மூன்று பெருவெள்ளங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்தே இங்கே கரை எழுப்பி வந்துள்ளனர். வெள்ளம் வந்து உடைக்கும்தோறும் கரையை இன்னும் உயர்த்தினர். கரை உயர உயர, நதி தன் அகலத்தை இழந்து குறுகிய வழியில் சிக்கியது. அடுத்த வெள்ளம் முன்னினும் உயரமாக எழுந்தது. 1856இல் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கரை உடைந்தது. உயர்த்திக்கொண்டே போவது தீர்வாகாது என்பதைப் பொறியாளர்கள் அதன்பின்னரே ஏற்றுக்கொண்டனர். சில இடங்களில் கரையைத் தாழ்த்தி, பெருவெள்ளம் வயல்வெளிக்குள் வழிந்தோடத் தாங்களே வழிவிட்டனர்.

அவ்வாறு விட்ட வழியில் பிற்காலத்தவர் வீடு கட்டிக்கொண்டது தனிக்கதை. புளுவா நகரத்துக்கு எதிர்க்கரையில் லா பூயி என்னும் வெள்ள வழிப்பகுதியில் ஒரு குடியிருப்பே எழுந்திருந்தது. இந்நூற்றாண்டில் அரசு அங்கிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களை விலை கொடுத்து வாங்கி இடித்து, நிலத்தை மீண்டும் நதிக்கே விட்டது. தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு அது கசப்பான விலகல். அங்கே இன்று காண்பதற்குப் புல்வெளி ஒன்றுதான் இருக்கிறது. அதன் பின்னணி தெரியாதவர் ஒரு நொடியில் கடந்துவிடுவார்.

நதியின் மேற்பகுதியிலும் இப்படியொரு முடிவு நேர்ந்தது. வெள்ளத்தைக் கட்டுப்படுத்த 1980களில் பல பெரிய அணைகள் திட்டமிடப்பட்டன. அவற்றுள் ஒன்று லு புய் நகரத்துக்கு மேலே செர் த லா ஃபார் என்னுமிடத்தில் அமையவிருந்தது. 1989இல் எதிர்ப்பாளர்கள் அவ்விடத்திலேயே குடியேறிப் பல ஆண்டுகள் அமர்ந்திருந்தனர். 1994இல் அரசு அவ்வணையைக் கைவிட்டு, நதி முழுமைக்குமான புதிய திட்டம் ஒன்றை அறிவித்தது. 1998இல் சால்மன் மீன்களின் வழியை மறித்த பழைய அணையொன்று துணையாறான அல்லியேயில் தகர்க்கப்பட்டது. வியென் ஆற்றிலும் அணையொன்று அகற்றப்பட்டது. கோடையில் இன்று வெண்மணல் திட்டுகளில் ஆலாப் பறவைகள் முட்டையிடுவதையும், அக்காலத்தில் திட்டுகளில் கால்வைக்கலாகாது என்ற எச்சரிக்கைப் பலகைகளையும் காண்கிறோம். இதை 'ஐரோப்பாவின் கடைசிக் காட்டு நதி' என்று விளம்பரங்கள் வருணிக்கும். அது அத்தனை எளிதன்று. இதே நதியின் நீரால் குளிர்விக்கப்படும் நான்கு அணுமின் நிலையங்கள் கரையோரம் உள்ளன. பெல்வில், தாம்பியேர் ஆகிய இடங்களில் அவற்றின் பெருங்கோபுரங்கள் மிதிவண்டியாளரின் கண்ணில் மணிக்கணக்காக நின்றுகொண்டே இருக்கும்.

அரண்மனைகளும் குகைகளும்

சுல்லியிலிருந்து ஷலோன் வரை 280 கிலோமீட்டர் நீளப் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. புகழ்பெற்ற அரண்மனைகள் பலவும் இந்தப் பகுதியில் அடக்கம். முதலாம் பிரான்சுவா மன்னன் 1519இல் தொடங்கிய ஷம்போர், 440 அறைகள் கொண்டது. அவன் அதில் தங்கியது மொத்தத்தில் சில வாரங்களே. அதே ஆண்டு மே மாதம், ஆம்புவாஸ் நகரத்து மாளிகையொன்றில் லியனார்தோ தா வின்சி காலமானார். எல்லாவற்றையும் பார்த்துவிட எண்ணினால் பயணம் நுழைவுச்சீட்டு வரிசைகளிலேயே கழிந்துவிடும். இரண்டைத் தேர்ந்துகொள்வது போதும்: கட்டடத்துக்கு ஷம்போர், தோட்டத்துக்கு விலாந்திரி.

தூர் நகரத்துக்கு மேற்கே, வியென் ஆறு கலக்குமிடமான கான்து முதல் சோமூர் வரையுள்ள பகுதி நிதானமாகச் செல்லத் தக்கது. இங்குள்ள 'துஃபோ' என்னும் வெண்சுண்ணக்கல் மென்மையானது, வாளால் அறுக்கலாம். அரண்மனைகளுக்கும் தேவாலயங்களுக்கும் கல் வெட்டியெடுத்தபின் குன்றுகளில் நெடுங்குகைகள் எஞ்சின. மக்கள் அவற்றில் குடியேறினர்; முன்புறம் சுவரும் கதவும் சன்னலும் வைத்தால் வீடு. வெயிலிலும் குளிரிலும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலை நிலவுவதால், ஆழமான குகைகளில் மதுவைச் சேமித்தனர், காளான் வளர்த்தனர். பாதையின் ஒரு கிளை இக்குகைத் தெரு ஒன்றின் உள்ளேயே நுழைந்து வெளிவருகிறது.

சைவ உணவினர் இப்பகுதியின் ஆட்டுப்பாலாடைக் கட்டியை நாடுவது இயல்பு. சேந்த் மோர் என்னும் வகையின் நடுவே ஒரு வைக்கோல் தண்டு செருகியிருக்கும். ஆனால் மரபுவழிப் பாலாடைக் கட்டிகளில் பாலை உறையச் செய்ய விலங்கு நொதியைச் சேர்ப்பதே வழக்கம் என்பதை அறிந்துகொள்வது நல்லது. ரொட்டி, தக்காளி, பழம், கொட்டை வகைகள் எங்கும் கிடைக்கும். உணவகங்களின் அடுக்களை நண்பகல் 12 முதல் 2 மணி வரைதான், 2.15க்குச் சென்றால் கனிவான மறுப்புதான் கிடைக்கும்.

நாந்த் நகரம் நமக்கு அயலானதன்று. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்குகள் ஒரு காலத்தில் இங்கேதான் ஏலம் விடப்பட்டன. சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணிகள் அவற்றுள் அடங்கும். அந்தத் துணிகள் ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்று மனிதர்களுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டன. பிரான்சின் அடிமை வணிகத்தில் முதலிடம் வகித்த துறைமுகம் நாந்த். 2012இல் நதிக்கரையில் திறக்கப்பட்ட நினைவிடத்தில், அப்பயணங்களையும் துறைமுகங்களையும் குறிக்கும் 2,000 கண்ணாடிப் பலகைகள் நடைபாதையில் பதிக்கப்பட்டுள்ளன. அதைப் பார்க்காமல் இந்நகரத்தைக் கடக்கலாகாது.

செல்வோர் கவனத்துக்கு

மே, சூன், செப்டம்பர் ஆகியவை ஏற்ற மாதங்கள். முழுப்பாதைக்கு மூன்று வாரம் வேண்டும். ஒரு வாரமே உள்ளவர் புளுவாவிலிருந்து சோமூர் வரை செல்வது நன்று. ஓரூரில் வாடகைக்கு எடுத்த மிதிவண்டியை வேறூரில் ஒப்படைக்கலாம். பைகளை விடுதிக்கு விடுதி கொண்டுசேர்க்கும் நிறுவனங்களும் உள்ளன. கோடையில் ஓர்லியான் - நாந்த் வழித்தடத் தொடர்வண்டிகளில் மிதிவண்டிக்கென இடம் ஒதுக்கப்படுகிறது. போக்குவரத்து வலப்புறம் என்பதை முதல் நாள் மறவாதிருக்க வேண்டும். 12 வயதுக்குட்பட்டோர் தலைக்கவசம் அணிதல் சட்டப்படி கட்டாயம்.

நுழைவிசைவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு தேவை. ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். எனவே புறப்படுமுன் வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களே செயல்படுத்தி, நாளொன்றுக்கான வரம்பையும் அமைத்துக்கொள்ள வேண்டும். கடையின் கருவி 'ரூபாயா, யூரோவா' என்று கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தைக் கடைக்காரரின் தரப்பே நிர்ணயிக்கும்; அது பெரும்பாலும் உங்களுக்கு நட்டமாகவே முடியும். யூரோவில் முன்கூட்டியே தொகை ஏற்றிய பயண அட்டை எடுத்தால், விகிதம் புறப்படும்போதே உறுதியாகிவிடும்.

2024இல் ஈஃபில் கோபுர நுழைவுச்சீட்டுக்கு யூபிஐ ஏற்கப்பட்டது நமக்கெல்லாம் பெருமை. ஆற்றங்கரை ரொட்டிக்கடையில் அதை எதிர்பார்க்க வேண்டாம். அட்டைக்குக்கூட 'குறைந்தது இவ்வளவு தொகை' என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். பல ஊர்களில் பணம் வழங்கும் இயந்திரம் இராது. ஐந்து, பத்து யூரோத் தாள்களும் நாணயங்களும் எப்போதும் கையில் இருக்கட்டும். ஞாயிறு பிற்பகலும் திங்களும் கடைகள் மூடியிருப்பது இயல்பு. சனிக்கிழமையே இரு நாளைக்குரியதை வாங்கி வைப்பது அறிவுடைமை. தண்ணீர் தீர்ந்துவிட்டால் ஊரின் கல்லறைத் தோட்டத்தைத் தேடிச் செல்லுங்கள். பூச்செடிகளுக்கு நீரூற்ற அங்கே பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். 'குடிக்கத் தக்கதன்று' என்னும் பலகை தொங்காத வரையில் மிதிவண்டியாளர் அனைவரும் அதில்தான் புட்டியை நிரப்புகின்றனர்.

நாந்த்துக்குப் பின் நதி அகன்று, சேற்று நிறம் கொண்டு, கடலின் ஏற்றவற்றத்துக்கு ஆட்படுகிறது. லு பெல்லெரான் என்னுமிடத்தில் மிதவைப்படகு மிதிவண்டியாளரைக் கட்டணமின்றி அக்கரை சேர்க்கிறது. பிறகு பழைய கால்வாயொன்றின் ஓரம் நாணற்காடு. முகத்துவாரத்தில் 1975இல் திறக்கப்பட்ட 3,356 மீட்டர் நீளச் சான் நசேர் பாலம் வானில் வளைந்து நிற்கிறது. காற்றும் லாரிகளும் மிகுந்த அதன்மேல் மிதிவண்டி ஓட்டுவது அஞ்சத்தக்கது. பாதையும் அதில் ஏறாமல், அதன் அடியில் நுழைந்து சான் பிரெவான் மணற்கரையில் முடிகிறது. அங்கே சீனாவில் பிறந்த கலைஞர் ஹுவாங் யோங் பிங் 2012இல் அமைத்த மாபெரும் பாம்பின் எலும்புக்கூடு, உலோகத்தாலானது, கடல் வற்றும்போது முழுதாகத் தெரிகிறது. ஏறும்போது முதுகெலும்பின் வளைவுகள் மட்டும் அலைக்கு மேலே நிற்கின்றன. நீலப் பலகையொன்றில் 6 என்னும் எண் எழுதியிருக்கும். கிழக்கே கருங்கடல் வரை செல்லும் ஐரோப்பிய மிதிவண்டிப் பாதைக்குரிய எண் அது. காற்று அப்போதும் மேற்கிலிருந்தே வீசிக்கொண்டிருக்கும்.